காணாத மாணவனுக்கு எழுதிய பாடம்

மராட்டிய நாட்டின் சதாரா நகரில், ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறுவன் நாள்தோறும் ஒரு சாக்குத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றான். வகுப்பின் மூலையில் அதை விரித்து அதன் மேல் தனியே உட்கார வேண்டும். மாலையில் அதனை மடித்து வீட்டிற்கே எடுத்துவர வேண்டும். பள்ளியைத் துப்புரவு செய்யும் வேலையாளும் அத்துணியைத் தொடமாட்டார். தாகம் எடுத்தால் குழாயைத் திறந்துவிடப் பள்ளிப் பணியாளர் வரவேண்டும். அவர் வராத நாளில் தண்ணீர் இல்லை. அந்தச் சிறுவனே பிற்காலத்தில் இந்திய அரசியலமைப்பின் வரைவுக் குழுவிற்குத் தலைமை ஏற்ற அண்ணல் அம்பேத்கர்.

இந்த நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தீண்டாமையின் கொடுமைக்குச் சான்றாகவே அதனை எடுத்துரைப்பது வழக்கம். அதில் கல்வி முறையைப் பற்றிய உண்மை ஒன்றும் அடங்கியிருக்கிறது. அச்சிறுவன் வகுப்பறைக்குள் இருந்தான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இருந்தது. ஆயினும் பாடம் அவனை நோக்கி நடத்தப்படவில்லை. நான்கு சுவர்களுக்குள்ளேயே அவன் தொலைதூர மாணவனாக இருந்தான்.

இன்று சாக்குத் துணி இல்லை. எனினும் கடைசி வரிசையில் அமர்ந்து, கேள்வி கேட்கப்படாமலும், தான் கேட்க அஞ்சியும், பாடம் புரியாமலேயே ஆண்டுகளைக் கடத்தும் பிள்ளைகள் நம் தெருக்களில் இல்லையா? அவர்களுக்கு ஏற்ற பாட முறை எது? இவ்வினாவிற்கு விடை தேடும்போது, நாம் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து உதவி கிடைக்கிறது. மாணவனை நேரில் காணவே முடியாத பள்ளிகள் உண்டாக்கிய பாட அமைப்பே அது. அஞ்சல் வழியாகவும், தொலைக்காட்சி வழியாகவும், இந்நாளில் இணையத்தின் வழியாகவும் நடைபெறும் அப்பள்ளிகளின் முறைகள் சாதாரண வகுப்பறைக்குள் எவ்வாறு புகுந்தன, புகுந்தபோது எவை நன்மை தந்தன, எவை தீமை தந்தன என்பதை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அஞ்சலில் பிறந்த முறை

1840-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பென்னி கட்டணத்தில் நாடெங்கும் கடிதம் அனுப்பும் வசதி ஏற்பட்டது. ஐசக் பிட்மன் என்பவர் அதனைப் பயன்படுத்தித் தமது சுருக்கெழுத்து முறையைக் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர் பாடத்தைப் படித்து, பயிற்சியை எழுதி அஞ்சலில் அனுப்புவார். பிட்மன் பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்புவார். பார்வைக்கு எளிய ஏற்பாடுதான். ஆயினும் பிற்காலத் தொலைநிலைக் கல்வி முழுவதற்கும் இதுவே வித்து எனலாம்.

நேருக்கு நேர் நின்று பாடம் சொல்லும் ஆசிரியர், மாணவர் முகத்தைப் பார்த்து, புரியவில்லை என்று கண்டால் மறுமுறை சொல்லலாம். அஞ்சலில் பாடம் அனுப்புபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே அவர் நான்கு கடமைகளை முன்கூட்டியே நிறைவேற்ற வேண்டியிருந்தது. முதலாவது, இப்பாடத்தின் முடிவில் மாணவர் எதைச் செய்ய வல்லவராக வேண்டும் என்பதை வெளிப்படையாக எழுதுதல். இரண்டாவது, பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்தல். மூன்றாவது, ஒவ்வொரு படியின் முடிவிலும் மாணவரிடம் ஒரு விடையைக் கேட்டு வாங்குதல். நான்காவது, அவ்விடைக்குத் தனித்தனியே மறுமொழி எழுதுதல். அஞ்சல் வழிப் பாடத்தில் கடைசி வரிசை கிடையாது. ஒவ்வொரு கடிதமும் ஒரே மாணவருக்கே செல்கிறது.

அஞ்சல் பாடம் பள்ளிக்குள் வந்தது

தனியாகப் படிப்பவருக்காக எழுதப்பட்ட பாடத்தைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவரும் முயற்சி அமெரிக்காவில் நடைபெற்றது. 1923-இல் மிச்சிகன் மாநிலத்தின் பென்ட்டன் ஹார்பர் என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளி, தொழிற்கல்விப் பாடங்களை அஞ்சல் வழியில் பெற்று, பள்ளி நேரத்திலேயே மாணவர் படிக்க ஏற்பாடு செய்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1929-இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கான அஞ்சல் பாடங்களைத் தொடங்கியது. அம்மாநிலத்தின் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியர் சிலரே இருந்தனர். எல்லாப் பாடங்களையும் கற்பிக்க அவர்களால் இயலவில்லை. இம்முறை அக்குறையைப் போக்க உதவியது.

இவ்வேற்பாட்டில் பாடத்தை எழுதுபவரும் விடையைத் திருத்துபவரும் பல்கலைக்கழகத்தில் இருந்தனர். சிற்றூர்ப் பள்ளியில் ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். மாணவருக்கு இடமும் நேரமும் ஒதுக்குவதும், சோர்ந்தவரை ஊக்குவிப்பதும், விடைத்தாள் உரிய காலத்தில் செல்கிறதா என்று கவனிப்பதும் அவர் பணி. தனியே அஞ்சலில் படிப்பவர்கள் பலர் இடையிலேயே நிறுத்திவிடுவர். ஊரிலேயே ஒருவர் உடனிருந்து கேட்பது அந்தக் குறைக்கு மருந்தாக அமைந்தது. எங்கோ எழுதப்பட்ட பாடமும் அருகில் இருக்கும் மனிதரும் இணைவதே இன்று ‘கலப்பு வகுப்பறை’ என்று பெரிதாகப் பேசப்படும் முறையின் அடிப்படையாகும். அது கணினிக்கு முன்பே பிறந்துவிட்டது.

1969-இல் அரசுப் பட்டயம் பெற்று 1971-இல் பாடங்களைத் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இம்முறையை மேலும் செம்மைப்படுத்தியது. முன் தகுதி எதுவும் கேளாமல் மாணவரைச் சேர்த்துக்கொண்டமையால், எதையும் தெரிந்ததாக வைத்துக்கொண்டு பாடம் எழுத அவர்களால் இயலவில்லை. ஒரு பாடத்தைத் தனியொருவர் எழுதாமல், பாட வல்லுநர், பதிப்பாசிரியர், ஒலிபரப்புத் தயாரிப்பாளர் ஆகியோர் குழுவாக அமர்ந்து விவாதித்து உருவாக்கினர். அந்நூல்களைப் பிற பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களும் தம் வகுப்புகளுக்குப் பயன்படுத்திக்கொண்டனர். தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்டவருக்காக எழுதிய பாடம், தகுதி பெற்றவருக்கும் தெளிவைத் தந்தது.

அதே காலத்தில் அமெரிக்க உளவியல் அறிஞர் பிரெட் கெல்லர், தமது 1968-ஆம் ஆண்டுக் கட்டுரையில் கல்லூரி வகுப்புக்கான ஒரு புதிய முறையை விளக்கினார். மாணவர் எழுத்துப் பாடத்தைத் தம் வேகத்தில் படிக்கவேண்டும். ஓர் அலகில் முழுத்தேர்ச்சி பெற்ற பின்னரே அடுத்த அலகுக்குச் செல்லவேண்டும். தேர்வில் தவறினால் தண்டனை இல்லை, மீண்டும் எழுதலாம். அப்பாடத்தை முன்பே நன்கு கற்ற மாணவர்களே விடைகளை உடனுக்குடன் பார்த்து விளக்கம் தருவர். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிப்பது நம் சேரிகளின் இரவுப் பள்ளிகளுக்குப் புதியதன்று. கெல்லர் முறையின் சிறப்பு, அவ்வுதவியைத் திட்டமிட்ட பாட அமைப்போடு இணைத்ததில் இருக்கிறது.

திரையும் ஆசிரியரும்

1968-இல் மெக்சிகோ நாடு ‘டெலிசெகுந்தாரியா’ என்னும் தொலைக்காட்சி இடைநிலைப் பள்ளித் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கப் பள்ளியை முடித்த சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு மேற்கொண்டு படிக்க வழியில்லை. பாடத்திற்கொரு ஆசிரியரை அனுப்பும் அளவிற்கு ஆட்களும் இல்லை. ஆகவே தலைநகரிலிருந்து தொலைக்காட்சியில் பாடம் ஒளிபரப்பப்பட்டது. சிற்றூர் வகுப்பறையில் எல்லாப் பாடங்களுக்கும் ஒரே ஆசிரியர் இருந்தார். தொடக்கத்தில் சுமார் 6,500 மாணவரைக் கொண்டிருந்த இத்திட்டம், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோரைச் சென்றடைந்தது.

நாம் கவனிக்க வேண்டியது அவ்வகுப்பின் நேரப் பங்கீடு. பிற்காலத்தில் நிலைபெற்ற முறைப்படி, ஒரு பாடவேளையில் திரைக்குக் கால் மணி நேரமே உரியது. எஞ்சிய நேரம் நூலைப் படிப்பதற்கும், பயிற்சி செய்வதற்கும், கலந்து பேசுவதற்கும், மாணவர் கற்றதைச் சோதிப்பதற்கும் உரியது. முதலில் வெறும் மேற்பார்வையாளராகக் கருதப்பட்ட ஆசிரியருக்குப் பின்னர் வந்த சீர்திருத்தங்கள் கூடுதல் பொறுப்பளித்தன. திரை நீண்டுகொண்டே போனால் கல்வி வளராது என்பதை அந்நாடு அனுபவத்தில் கண்டுகொண்டது.

நம் நாட்டிலும் ஒரு பெரும் சோதனை நிகழ்ந்தது. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியுடன், ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. காலையில் இருபத்திரண்டரை நிமிடம் பள்ளிச் சிறாருக்கான நிகழ்ச்சி. உலகமே வியந்த இச்சோதனை ஓராண்டோடு முடிந்தது. செயற்கைக்கோள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டது. இரவல் கருவி போனபின் வகுப்பறையில் எது எஞ்சும் என்ற வினாவைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே கேட்கவேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை.

மெய்நிகர்ப் பள்ளி

1997-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் இணையவழியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கியது. புளோரிடா மெய்நிகர்ப் பள்ளி என அறியப்படும் அது, காலம், இடம், வழி, வேகம் ஆகிய நான்கிலும் மாணவருக்கு விடுதலை அளிப்பதைத் தன் கொள்கையாகக் கொண்டது. பாடங்கள் அலகுகளாகப் பிரிக்கப்பட்டன. பணியைச் சரியாக முடிக்காத மாணவர் திருத்தி மீண்டும் அனுப்பலாம். இவை பழைய அஞ்சல் முறையின் தொடர்ச்சியே.

அப்பள்ளியின் மற்றொரு வழக்கம் பலர் அறியாதது. ஆசிரியர் ஒவ்வொரு மாணவரிடமும் அவர் பெற்றோரிடமும் தொலைபேசியில் முறையாகப் பேசுவார். பாடத்தின் இடையிடையே மாணவரை வாய்மொழியாகக் கேள்வி கேட்டு, எழுதி அனுப்பிய விடை அவருக்கு உண்மையிலேயே புரிந்ததுதானா என்று அறிந்துகொள்வார். முகம் காணாத பள்ளியில் ஒவ்வொரு மாணவரோடும் தனித்துப் பேசும் ஆசிரியர் இருக்கிறார். முகம் காணும் பள்ளியிலோ, ஓராண்டு முழுவதும் ஆசிரியரோடு ஒரு முறையேனும் தனித்துப் பேசாத மாணவர் இருக்கிறார். இந்த முரண்பாட்டை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இம்முறை வகுப்பறைக்குள் வந்தபோது இரு வேறு விளைவுகள் தோன்றின. 2007-இல் கொலராடோ மாநிலத்தின் வுட்லண்டு பார்க் என்னும் சிற்றூரில், ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரு வேதியியல் ஆசிரியர்கள், வகுப்புக்கு வர இயலாத மாணவருக்காகத் தம் விளக்கங்களைப் படமெடுத்து வைத்தனர். பின்னர் விளக்கத்தை எல்லா மாணவரும் வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும், வகுப்பு நேரம் முழுவதும் ஐயம் தீர்க்கவும் பயிற்சி செய்யவும் பயன்படட்டும் என்று மாற்றினர். இணைய வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் குறுவட்டில் பதிந்து கொடுத்தனர். ஆசிரியர் கரும்பலகையை விட்டு இறங்கி, ஒவ்வொரு மாணவரின் அருகிலும் செல்ல நேரம் கிடைத்தது.

மற்றொரு விளைவு இதற்கு மாறானது. வகுப்பொன்றில் இத்தனை மாணவரே இருக்கலாம் என்று புளோரிடா மக்கள் 2002-இல் வாக்களித்து விதி செய்தனர். 2010-இல் மயாமி-டேடு மாவட்டப் பள்ளிகளில் 7,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள், ஆசிரியர் இல்லாத கணினி அறைகளில் மெய்நிகர்ப் பாடம் படிக்க அமர்த்தப்பட்டனர். அவ்வகை அறைக்கு அந்த எண்ணிக்கை விதி பொருந்தாது என்பது ஒரு முக்கியக் காரணம். பாடத்திற்கு ஆசிரியர் தொலைவில் இருந்தார். அறையில் ஓர் உதவியாளரே இருந்தார். ஒரே பாட அமைப்பு ஓரிடத்தில் ஆசிரியரை மாணவர் அருகே கொண்டுவந்தது. மற்றோரிடத்தில் ஆசிரியரையே அறையிலிருந்து அகற்றியது.

2009-இல் அமெரிக்கக் கல்வித் துறை வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு ஒன்று, இணையவழியும் நேர்முகமும் கலந்த முறை, நேர்முகம் மட்டுமுள்ள முறையைவிடச் சிறந்த பயனைத் தந்ததாகக் கூறியது. ஆனால் அவ்வகுப்புகளில் கற்கும் நேரமும் பாடப் பொருள்களும் கூடுதலாக இருந்தன என்பதையும், எனவே நன்மையைக் கருவிக்கே உரியதாகக் கொள்ளக்கூடாது என்பதையும் அதே தொகுப்பு எச்சரித்தது. கருவி விற்பவர்கள் முதற்பகுதியை மட்டும் எடுத்துரைப்பர். நாம் இரண்டையும் படிக்கவேண்டும்.

பெருந்தொற்று காட்டிய உண்மை

2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் நம் நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒரே நாளில் வகுப்பறை கைப்பேசிக்குள் சென்றுவிட்டதாகப் பலர் பேசினர். யாருடைய கைப்பேசிக்குள் என்று கேட்டவர் சிலரே. 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்களிலும் ஒன்றிய ஆட்சிப் பகுதிகளிலும் ஏறத்தாழ 1,400 எளிய குடும்பப் பிள்ளைகளிடையே ஓர் ஆய்வு நடைபெற்றது. கிராமப் பிள்ளைகளுள் 8 விழுக்காட்டினரே இணையவழியில் ஒழுங்காகப் படித்தனர். 37 விழுக்காட்டினர் படிக்கவே இல்லை. கிராமப்புறத் தலித், பழங்குடிப் பிள்ளைகளுள் ஒழுங்காக இணையவழியில் படித்தவர் 4 விழுக்காட்டினர். கிராமத்தின் பிற பிள்ளைகளுள் 15 விழுக்காட்டினர். சாக்குத் துணி வேறு உருவில் திரும்பி வந்ததற்கு இவ்வெண்களே சான்று.

குறை கைப்பேசி இல்லாமை மட்டுமன்று. வகுப்பறையில் நாற்பது நிமிடம் பேசுவதை அப்படியே திரையில் பேசியதும் பெருங்குறையாகும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைநிலைக் கல்வி கற்றுத்தந்த சிறு படி, கேள்வி, மறுமொழி ஆகியவை அவசரத்தில் கைவிடப்பட்டன. திரையின் மறுபுறம் பிள்ளை இருக்கிறதா என்பதே தெரியாமல் பாடம் நடந்தது.

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ வேறு திசையில் சென்றது. ஊரிலுள்ள தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், தெருவிலேயே மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டி ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் கற்பித்தனர். பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள், இழந்த கல்வியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அம்மீட்சியில் 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் பொருளியல் அறிஞர்களின் ஆய்வு கண்டது. நெப்ராஸ்காவின் மேற்பார்வையாளரும் கெல்லரின் மூத்த மாணவரும் செய்த பணியை இங்கே நம் தெருப் பெண்கள் செய்தனர்.

நமது படிப்பகத்தில் செய்யத்தக்கவை

வரலாறு கூறும் முடிவு தெளிவானது. தொலைநிலைப் பள்ளியிலிருந்து நாம் கொள்ளவேண்டியது அதன் பாட அமைப்பு; கருவி அதற்குத் துணைப்பொருளே. மாணவனைக் காண முடியாததால் அவர்கள் மேற்கொண்ட கவனத்தை, கண்ணெதிரே இருந்தும் காணப்படாத நம் பிள்ளைகளுக்கு நாம் அளிக்கவேண்டும். விலையுயர்ந்த கணினி வரும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நமது சங்கத்தின் மாலைப் படிப்பகத்தில் ஒவ்வொரு பாடத்திற்கும் ஒரு தாள் எழுதுவோம். இதனைப் படித்தபின் நீ எதைச் செய்யமுடியும் என்ற ஒரு வரியும், நான்கைந்து சிறு படிகளும், படிக்கு ஒரு கேள்வியும் அதில் இருக்கட்டும். விடையை எல்லாப் பிள்ளைகளும் எழுதித் தரட்டும். கை தூக்கியவரிடம் மட்டும் விடை கேட்கும் பழக்கம் ஒழியட்டும். விடைத்தாளில் வெறும் சரி, தவறு குறியிடாமல், எங்கே வழி தவறியது என்று ஒரு வரி எழுதி, மறுநாளே திருப்பித் தருவோம். பின்னத்தைக் கடக்காத பிள்ளையை இயற்கணிதத்திற்குத் தள்ளாமல், தேறும்வரை உடனிருப்போம். கல்லூரியில் பயிலும் நம் அண்ணன்மாரும் அக்காமாரும் வாரத்தில் இரு மாலைகளைத் தரவேண்டும். கைப்பேசி ஒன்றே இருந்தால் கால் மணி நேரம் பலர் சேர்ந்து காண்போம். எஞ்சிய நேரத்தை எழுதவும் பேசவும் செலவிடுவோம். இரு நாள் வராத பிள்ளையின் வீட்டிற்கு மூன்றாம் நாள் ஒருவர் செல்லவேண்டும். அமரும் இடம் வாரந்தோறும் மாறவேண்டும்.

படிப்பகம் பள்ளிக்கு ஈடாகாது என்பதையும் மறக்கலாகாது. போதிய ஆசிரியரும், ஆய்வுக்கூடமும், இணைய இணைப்பும் உள்ள பள்ளியை அரசிடம் கேட்டுப் பெறுவது நமது உரிமை. ஆசிரியருக்குப் பதிலாகத் திரையைத் தர முன்வருவோரிடம், மயாமியின் கதையை நாம் எடுத்துக்கூற வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அக்கழகம் 1946-இல் பம்பாயில் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியில், பகலில் வேலைக்குச் செல்லும் ஏழை மாணவருக்காகக் காலை வேளையில் வகுப்புகள் நடத்தப்பட்டன. மாணவன் கல்லூரியின் நேரத்திற்கு வரட்டும் என்று அண்ணல் இருந்துவிடவில்லை. கல்லூரியின் நேரத்தை மாணவனுக்காக மாற்றினார். சாக்குத் துணியில் தனியே அமர்ந்த சிறுவன், தான் கல்வி தரும் நிலைக்கு உயர்ந்தபோது செய்த செயல் இது.

இளைஞர்களே! வெள்ளி விழாக் காணும் நமது சங்கத்தின் படிப்பகத்தில் இன்று மாலை விளக்கேற்றும்போது, முதலில் கடைசி வரிசையைப் பாருங்கள். அங்கே பேசாமல் அமர்ந்திருக்கும் பிள்ளைக்காக நாளைய பாடத் தாளை எழுதுங்கள். அதிலிருந்து முன்வரிசைப் பிள்ளையும் கற்றுக்கொள்ளும்.